அமெரிக்காவில் எடுத்த எச்சில் டெஸ்ட் தக்கலை வீட்டுக்குப் பொருந்துமா?

குமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்திலிருந்து 33 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். டெக்சாஸில் இருக்கும் அண்ணன், குழாயில் எச்சில் துப்பித் தபாலில் அனுப்புகிற டெஸ்ட் ஒன்றை எடுத்திருக்கிறார். "பிராக்கா பிழை எதுவும் இல்லை" என்று முடிவு வந்திருக்கிறது. "நம்ம குடும்பத்து ஜீன்ல ஒண்ணும் இல்ல. அதோட இந்தியப் பெண்களுக்கு வெள்ளைக்காரப் பெண்களைவிட ரிஸ்க் குறைவு, பயப்படாதே" என்கிறார் அண்ணன். அம்மாவோ, எல்லாம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் கதிர்வீச்சால் வந்தது என்கிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி. கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: அப்பாவும் அம்மாவும் சொந்தம், அப்பாவின் அக்கா 52 வயதில் வயிறு வீங்கி இறந்தார், அது வேறு விஷயம்.

அது வேறு விஷயம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முதலில் அண்ணனின் டெஸ்ட்.

பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற இரண்டு மரபணுக்களை ஆஸ்பத்திரியில் நாங்கள் பிராக்கா என்றே சொல்வோம். எல்லோருக்கும், ஆண்களுக்கும், இவை உண்டு. டி.என்.ஏ. இழை அறுந்தால் ஒட்டுவது இவற்றின் வேலை. அறுந்த வலையைக் கரையில் உட்கார்ந்து கட்டுகிறவர் போல. கட்டுகிற ஆளுக்கே கை முடங்கினால் ஓட்டை சேர்ந்துகொண்டே போகும், மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். 1990-ல் மேரி கிளேர் கிங் என்ற விஞ்ஞானி முதல் மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994-ல் அதையும் 1995-ல் இரண்டாவதையும் முழுதாகப் பிடித்தார்கள்.

இந்த மரபணுக்களில் நோய் தரக்கூடிய பிழைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அமெரிக்காவில் வீட்டு டெஸ்டுகளுக்கு 2018-ல் அரசு முதலில் அனுமதி கொடுத்தபோது அவை பார்த்தது அதில் மூன்றே மூன்றை. மூன்றும் கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்களிடம் அடிக்கடி காணப்படுபவை. அந்தச் சமூகத்தில் ஏறத்தாழ 40 பேரில் ஒருவருக்கு அந்த மூன்றில் ஒன்று இருக்கும். அவர்களுக்கு அது நல்ல சல்லடை. நமக்கு? நம் நாட்டுக் குடும்பங்களில் பிழைகள் மரபணு முழுக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. மூன்று வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, தக்கலையில் நான் தேடிய ஆள் இல்லை என்று சொல்வது போன்றது அது. பிற்பாடு சில டெஸ்டுகளில் எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஆனால் கூடிய பிறகும் பத்துக் கணக்கில்தான். அண்ணனின் ரிப்போர்ட்டில் "எத்தனை மாற்றங்கள் சோதிக்கப்பட்டன" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. டெஸ்ட் எடுத்தவர் நோய் வந்தவர் இல்லை. அம்மாவிடம் ஒரு பிழை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு பிள்ளைக்கும் போக 50 சதவீத வாய்ப்பு, ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் காசு சுண்டுகிற மாதிரி. அண்ணனுக்குப் பூ விழுந்தால் உங்களுக்கும் பூ விழுந்தது என்று அர்த்தமில்லை. ஆகவே மரபணு முழுவதையும் படித்து அவருக்கு இல்லை என்று வந்திருந்தால்கூட, அந்தக் காகிதம் உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது.

அந்த மூன்று பிழைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 185டெல்ஏஜி என்று பெயர். முதல் பிராக்காவில் இரண்டே இரண்டு எழுத்து விழுந்துபோயிருக்கும், அவ்வளவுதான். இரண்டு எழுத்து போனால் என்ன கெட்டுவிடும்? செல் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். "அம்மா இன்று நண்டு வாங்கி வந்தா" என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்து. இதில் "இன்" என்ற இரண்டை எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் படித்தால்: "அம்மா றுநண் டுவாங் கிவந் தா". 1863 மணிகள் கோத்த மாலையாக வர வேண்டிய புரதம் 39-ஆவது இடத்திலேயே அறுந்து நின்றுவிடுகிறது.

இதே பிழை யூதத் தொடர்பு எதுவும் இல்லாத தமிழ்நாட்டு, கேரளக் குடும்பங்களிலும் கிடைத்திருக்கிறது. கேள்விப்பட்டதும் நம் ஆட்கள் கொச்சித் துறைமுகம், மிளகு வியாபாரத்துக்கு வந்த யூதர்கள் என்று கதை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஓர் இந்தியக் குடும்பத்தில் அந்தப் பிழையைச் சுற்றியுள்ள எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது இங்கேயே தனியாகத் தோன்றியது என்று தெரிந்தது. ஒரே மாதிரி எழுத்துப் பிழை இரண்டு பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் செய்வதில்லையா, அது மாதிரி. அதனால் "இது இன்ன இனத்தின் பிழை" என்று பெயர் ஒட்டுவதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

ஆனால் சில சமூகங்களில் ஒரே பிழை கூட்டமாகக் கிடைப்பது உண்மைதான். ஐஸ்லாந்தில் இரண்டாவது பிராக்காவில் ஒரே ஒரு பிழை. போலந்தில் முதலாவதில் மூன்று. பஹாமாஸ் தீவுகளில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குப் பிராக்கா பிழை இருந்தது. காரணம் இரத்தத்தின் விசேஷம் ஒன்றுமில்லை. எப்போதோ சின்னக் கூட்டமாக இருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்து பெருகினால், அந்தச் சின்னக் கூட்டத்தில் ஒருவரிடம் இருந்த பிழையும் சேர்ந்து பெருகும்.

இதைப் படித்ததும் உங்களுக்கு நம் ஊர் ஞாபகம் வந்திருக்கும். கல்யாணம் என்றால் சாதி பார்ப்போம், அப்புறம் சபை பார்ப்போம், அதற்கும் மேல் கடற்கரையா, மேற்கா, நாஞ்சில் நாடா என்று பார்ப்போம். 2017-ல் தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட குழுக்களின் மரபணுவை ஆராய்ந்த வேலை ஒன்று வெளிவந்தது. அதில் 81 குழுக்கள் அஷ்கெனாசிகளையும் பின்லாந்துக்காரர்களையும்விடக் குறுகிய வாசல் வழியாக வந்தவை, அதாவது இன்னும் சின்னக் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. 14 குழுக்களில் ஆள் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கு மேல். ஆந்திர வைசியர்களில் சிலருக்கு ஆபரேஷனுக்குக் கொடுக்கிற ஒரு தசைத் தளர்வு மருந்து உடம்பிலிருந்து இறங்காது என்பது மயக்க மருந்து டாக்டர்களுக்கு வெகுநாளாகத் தெரிந்த சங்கதி. அதற்கும் இதே மூலம்தான்.

அதை வைத்து "இன்ன சாதியில் கேன்சர் கூடுதல்" என்று குமரி மாவட்டத்துச் சாதி எதையும் சுட்ட முடியாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பெண் பார்க்க வந்தவர்கள் தாயாரின் வைத்தியத்தைக் கேள்விப்பட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போன வீடுகளை எனக்குத் தெரியும்.

சரி, இந்தியர்களுக்கு ரிஸ்க் குறைவு என்று அண்ணன் சொன்னது? பாதி உண்மை. வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால், இந்தியாவில் லட்சம் பெண்களில் ஆண்டுக்கு 26 பேரை ஒட்டி மார்பகப் புற்றுநோய் வருகிறது, அமெரிக்காவில் 90 பேரை ஒட்டி. ஆனால் இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு மரபணுவால் வந்ததில்லை. எத்தனை பிள்ளை, எந்த வயதில் முதல் பிள்ளை, எவ்வளவு நாள் பால் கொடுத்தார், உடல் எடை, மது, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துத் தேடுகிற பழக்கம், இவையெல்லாம் சேர்ந்த கணக்கு. ஆசியாவிலிருந்து அமெரிக்கா போன குடும்பங்களில் ஒன்றிரண்டு தலைமுறையில் எண்ணிக்கை அந்த ஊர் அளவை நோக்கி ஏறிவிடும். மரபணு இரண்டு தலைமுறையில் மாறாது, வாழ்க்கைதான் மாறும்.

அதோடு இங்கே வருகிறபோது சின்ன வயதில் வருகிறது. அமெரிக்காவில் நோய் கண்டுபிடிக்கப்படுவதன் நடு வயது 62. நம் நாட்டில் ஏறத்தாழ பத்து வயது முன்னதாக. இதிலும் ஒரு பகுதி, நம் ஜனத்தொகையே இளமையானது என்பதால்தான். ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பி இரண்டும் ஹெர்2 என்ற புரதமும் இல்லாத "டிரிபிள் நெகட்டிவ்" கட்டி அங்கே 10 முதல் 15 சதவீதம் என்றால், இந்திய ஆஸ்பத்திரிகளில் 30 சதவீதத்தை ஒட்டிப் பார்க்கிறோம். முதல் பிராக்காவில் பிழை உள்ளவர்களுக்கு வருகிற கட்டி பெரும்பாலும் அந்த ரகம்தான்.

இனம், ரிஸ்க் என்று ஒரே மூச்சில் பேசுவது எவ்வளவு வழுக்கும் என்பதற்கு அமெரிக்கக் கறுப்பினப் பெண்களைப் பாருங்கள். அவர்களுக்கு இந்த நோய் வருவது வெள்ளையரைவிடச் சற்றுக் குறைவு, இறப்பு ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். டிரிபிள் நெகட்டிவ் அங்கே கூடுதல் என்பதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. தாமதமாகக் கண்டுபிடிப்பது, இன்ஷூரன்ஸ் இல்லாமை, சிகிச்சையில் பாகுபாடு, இவற்றுக்கும் பங்கு உண்டு. தோலின் நிறத்தைப் பார்த்து எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

பிராக்கா மாதிரிப் பெரிய பிழைகள் மொத்த நோயாளிகளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான். மிச்சப் பேரிடம் இருப்பது சின்னச் சின்ன மாற்றங்கள், தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி. 2007-லிருந்து இவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, 2019-ல் 313 மாற்றங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டார்கள். ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களை வைத்துப் போட்ட மதிப்பெண். அது ஆசியப் பெண்களிடம் கொஞ்சம் மங்கலாகவும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இன்னும் மங்கலாகவும் வேலை செய்கிறது.

ஏன் என்பதற்கு நாகர்கோவில் உதாரணமே போதும். இங்கே "வேப்பமூட்டுக்குப் பக்கத்தில்" என்று சந்திப்பின் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் விடுவார். அதே முகவரியை வைத்துக்கொண்டு மதுரையில் போய், வேப்பமரத்துக்குப் பக்கத்து வீடு எது என்று கேட்டால்? அந்த 313-ல் பல, நோயைத் தரும் இடங்கள் இல்லை, நோய் தரும் இடத்துக்குப் பக்கத்து அடையாள மரங்கள். ஐரோப்பியர்களிடம் மரமும் வீடும் பல நூறு தலைமுறையாகச் சேர்ந்தே வந்தன. வேறு மக்களிடம் அந்த இரண்டும் பிரிந்துபோயிருக்கலாம், மரமே இல்லாமலும் போகலாம். பிராக்காவுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் செக்2 என்ற மரபணுவில் 1100டெல்சி என்று ஒரு பிழை உண்டு. வட ஐரோப்பியர்களில் நூறில் ஒருவரை ஒட்டி இருக்கும், நம்மிடம் அபூர்வம்.

எதிர்த்திசையிலும் வேடிக்கை உண்டு. ஆறாவது குரோமோசோமில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவுக்கு அருகே இருக்கும் ஓர் அடையாளம் 2009-ல் சீனப் பெண்களிடம் தேடியபோதுதான் முதலில் கிடைத்தது. அதே பகுதியில் 2014-ல் லத்தீன் அமெரிக்கப் பெண்களிடம் நோயைக் குறைக்கும் மாற்றம் ஒன்று கிடைத்தது. அது அமெரிக்கப் பழங்குடி முன்னோர் வழி வந்தது. ஐரோப்பியர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. நம் நாட்டில் ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் முழு மரபணுவைப் படித்து முடித்திருக்கிறார்கள். நல்ல தொடக்கம், ஆனால் 140 கோடிக்கு அது ஒரு கைப்பிடி.

மணல் பற்றி இரண்டு வரி. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சும் மற்ற இடங்களைவிட அதிகம்தான். இதே மாதிரி மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தது. கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடியது என்று காட்ட முடியவில்லை. அம்மாவிடம் இதை விவாதமாக்க வேண்டாம். காரணம் ஒன்று கையில் இருந்தால் மனசுக்கு ஆறுதல்.

இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் குடும்ப மரம் வரைவதுதான் என் வேலை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கறுப்பு. பேனாவை எடுத்தவுடன் நம் தமிழே காலை வாரிவிடும். "பெரியம்மாவுக்குக் கேன்சர்" என்பார்கள். எந்தப் பெரியம்மா? அம்மாவின் அக்காவா, பெரியப்பாவின் மனைவியா? ஒருவர் இரத்த உறவு, இன்னொருவர் கல்யாண உறவு. அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவரா, தாய்மாமன் மனைவியா? சில வீடுகளில் இரண்டு பேருமே மாமி.

குளச்சலிலிருந்து வந்த ஓர் அக்காவிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், "மாமிக்கு கேன்சர் ஒண்ணும் கிடையாது, வயிறு ஊதிச்சு, தண்ணி எடுத்தாங்க, மறுபடியும் ஊதிச்சு, நாலு மாசத்துல போயிட்டாங்க" என்றார். நடுவயதுப் பெண்ணுக்கு வயிறு ஊதி, தண்ணீர் எடுத்து, மறுபடி ஊதினால் கல்லீரல், காசநோய் எல்லாம் இருக்கலாம்தான். ஆனால் சினைப்பைப் புற்றுநோயும் அப்படித்தான் முடியும். நான் அந்த வட்டத்தில் கேள்விக்குறி போட்டேன். இறந்த மாமியின் ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றாவது தடவை வந்தபோது கிடைத்தது, ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள். வட்டம் கறுப்பானது.

உங்கள் அப்பாவின் அக்கா விஷயத்திலும் அந்தச் சீட்டைத் தேடுங்கள். இன்னொன்று: அப்பாவும் அம்மாவும் சொந்தம் என்கிறீர்கள், எந்த வழிச் சொந்தம் என்று எழுதவில்லை. மாமன் மகளைக் கட்டியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் அப்பாவைப் பெற்ற ஆச்சியும் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். அத்தை அந்த ஆச்சியின் மகள், அம்மா அந்தத் தாத்தாவின் மகள். அத்தைக்கு வந்தது சினைப்பையில் என்று தெரிந்தால், அம்மாவுக்கு வந்தது மார்பில் என்றாலும், வேர் ஒன்றாக இருக்கலாம். நடுவில் இருக்கும் தாத்தா ஆண் என்பதால் அவரிடம் எதுவும் தெரியாமலே கடந்துபோயிருக்கலாம். அவருக்குப் புராஸ்டேட், கணையம் என்று ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள்.

நம் பக்கம் பெண்கள் வியாதி என்றால் தாய்வழியை மட்டும் கேட்கும் பழக்கம் உண்டு. தாய்வழியாகச் சொத்து இறங்கும் மருமக்கள் வழி சட்டத்திலிருந்து போய்த் தலைமுறைகள் ஆனாலும் நினைப்பில் போகவில்லை போலிருக்கிறது. மரபணுவுக்கு மக்கள் வழியும் தெரியாது, மருமக்கள் வழியும் தெரியாது. பாதி அப்பாவிடமிருந்து வரும்.

சொந்தத்தில் கட்டியதால்தான் கேன்சர் வந்ததா என்றும் கேட்பார்கள். இல்லை. இந்தப் பிழை ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். சொந்தத்தில் கட்டும்போது வரும் தனி ஆபத்து, ஒரே பிழை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு குழந்தைக்குச் சேர்வது. இரண்டாவது பிராக்காவில் அப்படிச் சேர்ந்தால் ஃபான்கோனி இரத்தசோகை என்ற கடுமையான நோய் வரும். அது அபூர்வம்.

செய்ய வேண்டியது இது. அம்மாவின் பழைய ஃபைலில் பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்து ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்ற மூன்று வரியைப் பாருங்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் இன்னும் வேகம் வேண்டும். பாசிட்டிவ் இருந்தாலும், 50 வயதுக்குள் வந்திருக்கிறது என்பதே டெஸ்ட் எடுக்கப் போதுமான காரணம். டெஸ்ட் முதலில் அம்மாவுக்கு, இரத்தத்தில். பிராக்கா இரண்டும், பால்பி2, டிபி53 மாதிரி மற்ற மரபணுக்களும் முழுதாகப் படிக்கிற பேனல் (பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் டெஸ்ட்) வேண்டும். பெரிய துண்டாக விழுந்துபோன பிழைகளையும் பார்ப்பார்களா என்று கேளுங்கள். நாகர்கோவிலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆசாரிப்பள்ளம் போனாலும் நெய்யூர் போனாலும் திருவனந்தபுரம் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இங்கே ஜெனடிக் கவுன்சலிங், அதாவது முடிவை உட்கார்ந்து விளக்கிச் சொல்கிற ஆள், உண்டா? இரத்தம் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிற இடம் வேண்டாம்.

முடிவு மூன்று விதமாக வரும். தெளிவான பிழை என்று வந்தால், அந்த ஒரே இடத்தை மட்டும் உங்களுக்கும் அண்ணனுக்கும் அப்பா பக்கத்துக்கும் பார்க்கலாம், செலவும் குறைவு. அப்போது உங்களுக்கு இல்லை என்று வந்தால் அது நிஜமான இல்லை. உங்களுக்கும் இருக்கிறது என்று வந்தால் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., மேமோகிராம், பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பையை எடுப்பது என்று பேசப் பல வழிகள் உண்டு. அப்போது 72 சதவீதம், 69 சதவீதம் என்று எண்கள் காதில் விழும். அவை 2017-ல் வந்தவை, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, முதல் பிராக்காவுக்கும் இரண்டாவதற்கும். பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்களில் எடுத்த கணக்கு. நமக்கும் ஆபத்து பெரிது என்பதில் சந்தேகமில்லை, தசம சுத்தமாக அதே எண் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது விதம், ஒன்றும் கிடைக்கவில்லை என்று வருவது. அது நிம்மதிதான், ஆனால் அரை நிம்மதி. அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்தது என்ற உண்மை அப்படியே இருக்கும். மூன்றாவதுதான் நம் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது: "பொருள் தெளிவில்லாத மாற்றம்". ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அது கெட்டதா வெறும் மச்சம் மாதிரியா என்று சொல்ல, அதே எழுத்து ஆரோக்கியமான எத்தனை பேரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். உலகக் களஞ்சியங்களில் ஐரோப்பியர்கள் குவிந்திருக்கிறார்கள், நம்மவர்கள் குறைவு. அதனால் நமக்கு இந்தப் பதில் அடிக்கடி வரும். பிற்பாடு பெரும்பாலானவை மச்சம்தான் என்று தெரியவரும். அதை வைத்து எந்த ஆபரேஷனும் செய்துகொள்ளாதீர்கள். யாராவது அவசரப்படுத்தினால் வேறு டாக்டரைப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லேபுக்கு எழுதி, வகை மாறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

டெஸ்டுக்காகக் காத்திருக்காமல் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வயது முன்னால் மகளுக்குப் பரிசோதனை தொடங்குவது வழக்கம். அம்மாவுக்கு 44, உங்களுக்கு இப்போது 33. அடுத்த பிறந்தநாளுக்கு முன்னால் மார்பக டாக்டர் ஒருவரைப் பார்த்து, மேமோகிராமா எம்.ஆர்.ஐ.யா என்று கேட்டுவிடுங்கள்.

அண்ணன் ஃபோனில் வரும்போது டெஸ்ட் வீண் என்று சண்டை போட வேண்டாம். அம்மாவின் முடிவு வந்தபிறகு அவரும் மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டியிருக்கலாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று எழுதியிருக்கிறீர்களே.